மோசத்துக்கு முன்னேறிய நாள்

டெல்லிக் காற்றின் நிலையைத் தினமும் தமிழில் எழுதித் தருவது என் வேலை. சென்னையில் இருக்கும் ஆசிரியர் அதைத் திருத்தி இணையதளத்தில் போடுவார். கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர். காற்று அவருக்குக் கொசுறாகக் கிடைக்கும் சரக்கு.

அந்த நவம்பரில் மகளின் பள்ளி விளையாட்டு விழா இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. அரசாங்கக் கணக்கில் 'மோசம்', அதைவிடக் கெட்டது 'மிக மோசம்', எல்லாவற்றிலும் கெட்டது 'கடுமை'. காற்று 'கடுமை' என்றால் பிள்ளைகளை மைதானத்தில் இறக்க மாட்டார்கள். இன்னொரு தடவை தள்ளினால் விழாவே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். போன வருஷம் ஓட்டத்தில் கடைசியாக வந்தவள் என் மகள். விட்டதைப் பிடிக்க, கிட்வாய் நகர் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்குமாக ஓடி ஓடிக் கீழ்வீட்டுக்காரரைச் சண்டைக்கு வரவழைத்திருந்தாள்.

அன்று காலை போனைப் பார்த்தேன். 'மோசம்' என்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "மோசம்டீ, மோசம்" என்று கத்திக்கொண்டே அவளை எழுப்பினேன். அவள் கட்டிலிலேயே குதித்தாள். தஞ்சாவூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த எதிர்வீட்டு அம்மாள், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஈரக்கையோடு ஓடிவந்தார். காற்று மோசம், அதனால்தான் இவ்வளவு சந்தோஷம் என்றேன். எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

'டெல்லிக் காற்று மோசம் என்ற நிலைக்கு முன்னேறியது' என்று அவசரமாகத் தட்டி அனுப்பினேன். அதற்குள் மகள், "அம்மா, ஜல்தி வா" என்று என்னை ஆட்டோவுக்கு இழுத்துப்போய்விட்டாள்.

விசில் ஊதப்போகும் நேரம் பார்த்து ஆசிரியர் கூப்பிட்டார். மோசத்துக்கு எவனாவது முன்னேறுவானா, 'சரிந்தது' என்று மாற்றிவிடுகிறேன் என்றார். அகராதிப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் இங்கே சூரியன் தெரிந்ததே! மைதானம் முழுக்க அப்பா அம்மாக்கள் கல்யாண வீட்டில் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடியே தொண்டை கிழியக் கத்தினேன். மகள் ஓடினாள், முடித்தாள், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

போனை மறுபடி காதில் வைத்தேன்.

"என்னம்மா அங்க ஒரே சத்தம்?"

"பொண்ணு ஓட்டப்பந்தயம் சார். கடைசிக்கு முந்தின ஆளா வந்திருக்கா. போன வருஷம் கடைசி."

"அட, பரவாயில்லையே. முன்னேறிட்டா" என்றார்.

'முன்னேறிட்டா' என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிப்பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். செய்தி நான் எழுதியபடியே வெளிவந்தது.