அம்மன் கழுத்தில் கறுத்த காசு

எங்கள் அண்ணன் ஒரகடத்தை அடுத்த எங்கள் ஊரில், மூன்று தங்கைகளுக்கு மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு, கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பிரஸ் லைனில் சேர்ந்தார். தகட்டை அச்சுக்குள் வைத்து அழுத்தி எடுக்கும் வேலை. எங்கள் மூவரையும் கரையேற்றிய பிறகே தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அவருக்குக் கோபமே வராது என்று எழுத ஆசைதான். அண்ணி படித்தால் சிரிப்பார்.

எங்கள் ஊர்க் கோயில் கன்னியம்மனின் சரட்டில் ஒரு வெள்ளிக் காசு உண்டு. அம்மன் நகைகளைக் கழுவும் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு. ஆடி பிறந்தால் அம்மா புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்ப்பார். அதில் இருப்பது வெள்ளைக்கார ராணியின் தலை என்று நினைத்து, அந்தக் காசை ராணிக் காசு என்றே சொல்லி வந்தோம். அண்ணியின் சித்தப்பா வரலாற்று ஆசிரியர். அவர் ஒருமுறை திருவிழாவுக்கு வந்தபோது அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: இது ரோமானியர் காசு, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. அதில் இருப்பது ராணியே அல்ல. இலைமாலை சூடிய பேரரசர். அகஸ்டஸோ, அவருக்குப் பின் வந்தவரோ, எழுத்து தேய்ந்துவிட்டது. மிளகும் முத்தும் துணியும் வாங்கக் கப்பலில் வந்த காசுகளை நம்மவர்கள் துளையிட்டு நகையாக அணிந்தார்களாம்.

எங்களுக்கு மெய்சிலிர்த்தது. அண்ணனுக்கோ வேறு கேள்வி. "இத்த எந்த மெஷின்ல அடிச்சாங்க மாமா?"

"மெஷின் ஏதுப்பா? கீழ ஒரு அச்சு, மேல ஒரு அச்சு, நடுவுல வெள்ளித் துண்டு. சுத்தியால ஒரே போடு."

அண்ணன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தல ஒரு பக்கமா ஒதுங்கிகீது பாரு. எங்க லைன்ல இப்டி வந்தா ரிஜெக்ட்டு," என்று சிரித்தார். அடுத்த நொடி அவர் கண் கலங்கிவிட்டது. "எவனோ ஒருத்தன் ஷிப்டு முடியற அசதில அடிச்சிருப்பான். அவன் கை தப்புனது இன்னும் நம்ம ஊர்ல கீதே!"

அன்று தொடங்கியது அண்ணனுக்கும் அம்மாவுக்கும் வழக்கு. "தேய்க்காதம்மா. ஒவ்வொரு ஆடிக்கும் அந்த முகம் அழிஞ்சிக்கினே போவுது."

"கறுத்த காச அம்மன் கழுத்துல போட்டா ஊரு இன்னா சொல்லும்? புள்ளைங்களுக்கு ஆவுமா?" என்பார் அம்மா.

அண்ணன் கெஞ்சினார், கோபித்துக்கொண்டு சாப்பிடாமலும் இருந்தார். அம்மா அசையவில்லை. அரசரின் காது போயிற்று, மூக்கும் மழுங்கிக்கொண்டே வந்தது. சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் கிடந்தபோதும், "மூக்கு இன்னும் கீதாம்மா?" என்று அண்ணன் கேட்டார். அம்மா எழுந்து போனார். அந்த வாரமே அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார்.

இந்த ஆடியில் அம்மா மற்ற நகைகளை எல்லாம் தேய்த்தார். காசை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, கறுப்போடு சரட்டில் கோத்தார். காசு ஏன் கறுத்திருக்கிறது என்று கோயிலில் ஒருவர் கேட்டுவிட்டார். "தேய்க்க வேணாம்னு எம்புள்ள சொல்லிகீறான்," என்றார் அம்மா.

அண்ணனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய லைன் நண்பர்களுக்கும், இரத்தம் கொடுத்த வடநாட்டுத் தம்பிகளுக்கும், அண்ணிக்கு இன்றுவரை துணை நிற்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கடல் கடந்த ஏதோ ஓர் ஊரில் அன்று சுத்தியலை ஓங்கிய அந்தத் தொழிலாளிக்கு. எங்கள் அண்ணன் கடைசிவரை அவரைத் தன் லைன் ஆள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.