பெரியவர் வாறார்

எனக்கு வாய் நீளம். கலியாணம் பேசி வந்த நாளிலேயே யாரோ இதை மாமியாரின் காதில் போட்டுவிட்டார்கள். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆம்பிளையள் நிறைஞ்ச வீட்டுக்கு வாற பெட்டைக்கு வாய் இருக்கத்தானே வேணும்" என்று சொல்லிச் சம்மதித்தாராம். அந்த வாயால் ஒருமுறை எங்கள் காணியே கைவிட்டுப் போகப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். இடையில் கொஞ்சம் பெருமை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெருமை அடிக்காமல் சொல்லக்கூடிய கதை இல்லை இது.

ஐம்பதுகளின் கடைசியில், வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால், ஒரு குளத்தின் கீழே, காடு வெட்டிக் குடியேற்றத் திட்டம் ஒன்றைத் திறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இருந்தது ஒரு துண்டு புகையிலைத் தோட்டம். அதிலும் என் மனுசனின் அண்ணன்மாருக்குப் பங்கு. இங்கே வயலும் மேட்டுக்காணியும் தருகிறார்கள் என்றதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கிணற்றில் இறைத்து இறைத்துக் காய்த்துப்போன கைகளுக்கு, வாய்க்காலில் தண்ணீர் தானாக வருவதே அதிசயமாக இருந்தது. காணியைத் தந்த அரசாங்கக் கந்தோர் ஒரு கண்டிப்பும் வைத்திருந்தது. பயிர் செய்து பலன் காட்டாதவர்களின் காணியைத் திருப்பி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்களைப் பலன் காட்ட விடாமல் ஒருவர் இருந்தார். பெரியவர்.

பக்கத்துக் காணிக்காரி வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவள். என் வயதுதான். வந்த புதிதில் வரம்பில் நின்று, "இஞ்சை யானை வருமோ?" என்று அவளிடம் கேட்டேன். ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். "எடியே, பேரைச் சொல்லிக் கூப்பிடுறியே? பெரியவர் எண்டு சொல்லு." வயலிலும் காட்டிலும் குளக்கட்டிலும் அந்தப் பெயரை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வந்து நிற்குமாம். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் போகம் கதிர் முற்றிய நேரத்தில் பெரியவர் குடும்பத்தோடு வந்தார். தின்றது பாதி, மிதித்தது பாதி. அடுத்த போகமும் அதே கதைதான். அதற்குப் பிறகு நானும் பெரியவர் என்றே சொன்னேன், சிரிக்காமல்.

மூன்றாவது போகம் விதைத்தபோது மனுசன் ஒரு சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த முறையும் நெல்லு வீடு வராட்டில் காணி இல்லை, தெரியுமோ?" எனக்குத் தெரியாமல் இருக்குமா? ராத்திரியில் நாய் குரைத்தாலும் நான்தான் முதலில் எழும்பி உட்காருவேன்.

எங்கள் கிராமச் சங்கத்துக்கு ஒரு சேர்மன் இருந்தார். பெயர் வேண்டாம், ஆள் போய்ச் சேர்ந்து கனகாலம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, சந்தனப் பொட்டு. யானைச் சேதம் பார்வையிட என்று சங்கச் செலவில் ஜீப் பிடித்துக்கொண்டு அடிக்கடி எங்கள் ஊருக்கு வருவார். முதல் முறை வந்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு பெரிய மனிதர், எங்கள் கஷ்டத்தைப் பார்க்கக் காட்டுக்குள் வந்திருக்கிறார்! கோழி அடித்துச் சமைத்தோம். அவர் வரம்பில் நின்று, "சீச்சீ, பாவங்கள்" என்றார். அவரோடு பட்டினத்திலிருந்து வந்த சிநேகிதர்மார் வேட்டைத் துவக்குகளோடு காட்டுக்குள் இறங்கினார்கள். விடிய ஜீப்பின் பின்பக்கத்தில் மான் கிடந்தது. இப்படியே ஒவ்வொரு முறையும். யானை பார்க்க வருகிறவர் ஏன் மானோடு போகிறார் என்று மனுசனிடம் கேட்டேன். "உனக்கேன் அந்தக் கதை? அந்தாள் ஒரு சொல்லுச் சொன்னால் கந்தோரிலை எங்கடை காணி போயிடும்" என்றார்.

நெல் வாங்க வரும் முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். பட்டினத்தில் சாமான் கடையும் வைத்திருந்தார். மார்கழியில் ஒருநாள், வயல் எப்படி நிற்கிறது என்று பார்த்துப்போக வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, நான் குடுத்த பெற்றோல்மக்ஸ் விளக்கெல்லாம் எப்பிடி எரியுது?"

"எந்தப் பெற்றோல்மக்ஸ் நானா?"

"உங்கடை வயல் காவலுக்கு எண்டு சேர்மன் ஐயா சங்கக் காசிலை வாங்கினாரே. மண்ணெண்ணெயும் போச்சுது, சீனவெடியும் பெட்டி பெட்டியாப் போச்சுது..." என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "அப்ப ஒண்டும் வரேல்லையோ?"

வரவில்லை. எங்களிடம் இருந்தது தகரமும் பந்தமும் தொண்டையும்தான். நானா கோப்பையைக் கீழே வைத்தார். "நான் வித்த சாமானை நினைக்க எனக்கே வெக்கமாக் கிடக்கு" என்றார். திருடியவருக்கு வராத வெட்கம் விற்றவருக்கு வந்தது.

செய்தி அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவியது. வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி என்று தேத்தண்ணிக் கடையில் ஆண்கள் கொதித்தார்கள். "இனி வரட்டும், நெஞ்சுக்கு நேரே கேக்கிறன்" என்று சொல்லாத ஆள் இல்லை. வந்தால் முதலில் அவர் இருக்கக் கதிரை தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவர்களும் இவர்கள்தான் என்று நான் மனதுக்குள் நினைத்தேன். அது பிழை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தை மாதம். கதிர் முற்றித் தலை சாய்த்து நின்றது. பொழுதுபடுகிற மம்மல் நேரம், வயலுக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் முன்பின் பார்த்திராத சேர்மனின் ஆள் ஒருவன் பட்டினத்திலிருந்து சைக்கிளில் வந்து, குளத்துத் துருசடியில் மதகுக் கதவை அடைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து, "பெரியவர் வாறார், ஆயத்தமா இருங்கோ!" என்று கத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். சோறு காய்ச்சி, பள்ளிக்கூடத்தில் பாய் போட்டு வையுங்கள் என்பதுதான் அவன் சொல்ல வந்தது. பட்டினத்து ஆளுக்கு எங்கள் பாஷை எப்படித் தெரியும்? யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அன்றைக்கு மணியோசை சைக்கிளில் வந்தது. அதுவும் எங்களுக்கு விளங்கவில்லை.

துருசடிக்காரர் குளக்கட்டால் கத்திக்கொண்டு ஓடினார்கள். "பெரியவர் வாறார்! பெரியவர் வாறார்!" வயலுக்கு வயல் குரல் தாவியது. ஆயத்தமாக இருக்கச் சொன்னார்கள், ஆயத்தமானோம். பந்தம் கொளுத்தினோம். நான் வெறும் எண்ணெய்த் தகரத்தையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். காட்டோரத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்டது. பனிக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது.

"அந்தா!"

அவ்வளவுதான். தகரங்கள் அதிர்ந்தன. பந்தங்கள் பறந்தன. வாயில் வந்ததையெல்லாம் கத்தினோம். காட்டுப் பக்கமிருந்து, "ஐயோ! அம்மா!" என்று ஒரு குரல் வந்தது.

பக்கத்துக்காரி என் கையைப் பிடித்தாள். "எடியே, பெரியவர் ஐயோ எண்டு கத்துமோ?"

பந்தத்தைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போனோம். சேர்மன் வாய்க்கால் சேற்றில் இடுப்பளவுக்கு நின்றார். சால்வை முள்ளுப் பற்றையில் தொங்கியது. சிநேகிதர்மார் ஒரு பாலைமரத்தின் பின்னால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துவக்கு எங்கே விழுந்தது என்று அவர்களுக்கே தெரியாது. மான் வெருளக்கூடாது என்று ஜீப்பை விளக்கணைத்துக் காட்டோரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள்.

"என்ன விசர் வேலை பாக்கிறியள்?" என்று சேர்மன் கத்தினார். "பெரியவர் வாறார் எண்டு சொல்லி அனுப்பினனான் எல்லே!"

"அதைக் கேட்டுத்தானே ஐயா வந்தனாங்கள்" என்றாள் பக்கத்துக்காரி. சத்தியமாக, அவள் பகிடிக்குச் சொல்லவில்லை.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். சேற்றில் நின்ற மனிதரைத் தூக்கிவிடக் கை கொடுத்தவர்களும் சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். நான் சிரிக்கவில்லை. பந்த வெளிச்சத்தில் ஜீப்பின் பின்பக்கம் எனக்குத் தெரிந்தது. புத்தம் புதுப் பெற்றோல்மக்ஸ் விளக்குகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் மண்ணெண்ணெய்த் தகரம், சீனவெடிப் பெட்டி. எங்கள் வயல் விளக்கு வேட்டைக்காரருக்கு வெளிச்சம்!

இரண்டு போகம் இருட்டில் தகரம் தட்டித் தோற்ற ஆத்திரம் அவ்வளவும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"ஐயா, இது ஆரின்ரை விளக்கு?"

சிநேகிதர்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேர்மன் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார். "சங்கத்தின்ரை விளக்கு. உங்களுக்குத் தரத்தான் கொண்டு வந்தனான்."

"அப்ப சரி" என்று ஒன்றைத் தூக்கினேன்.

"வை, வை! நாளைக்கு முறையாத் தாறன்."

"நாளைக்கு வாங்கோ எண்டால் பெரியவர் கேக்க மாட்டார் ஐயா."

நான் தனித்துப் போனேன் என்றுதான் நினைத்தேன். பிறகு துருசடிக்காரர் ஒருவர் முன்னுக்கு வந்து ஒரு விளக்கை எடுத்தார். இன்னொருவர் இன்னொன்றை எடுத்தார். தேத்தண்ணிக் கடையில் வெறும் வாய்வீரம் பேசுவதாக நான் நினைத்த அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கடைசியில் என் மனுசன், "உனக்கேன் அந்தக் கதை" என்ற அதே மனுசன், மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கித் தோளில் வைத்தார். கலியாணம் முடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தாலும், எனக்கு அவரில் ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

"ஆரின்ரை காணியிலை நிக்கிறாய் எண்டு யோசிச்சுக் கதை" என்று சேர்மன் என்னைப் பார்த்துச் சொன்னார். அதில் பகிடி இல்லை.

அவர்களுக்குச் சோறு கொடுப்பதா விடுவதா என்று ஒரு சண்டை வந்தது. பக்கத்துக்காரி ஒரே பிடியாக நின்றாள். "எங்கடை ஊருக்கு வந்தவை பசியோடை போனால் அது எங்களுக்குத்தான் கூடாது." பருப்பும் கத்தரிக்காய்க் குழம்புமாகச் சமைத்துப் போட்டோம். குப்பி விளக்கின் முன்னால் இருந்துகொண்டு, "கறி தெரியேல்லை, வெளிச்சம் இல்லையோ?" என்று சேர்மன் கேட்டார். "வெளிச்சம் வயலிலை நிக்குது ஐயா, தடவிச் சாப்பிடுங்கோ" என்றேன். வஞ்சகம் இல்லாமல் வயிறு நிறையத்தான் போட்டோம். இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. காணிக் கந்தோருக்கு முறைப்பாடு போனது. குடியேற்றக்காரர் கிராமச் சங்கச் சேர்மனைத் தாக்கினார்கள், சங்கத்துச் சாமானைப் பறித்தார்கள், தூண்டியவள் இன்ன காணிக்காரனின் பெண்சாதி, இப்படிப்பட்டவர்கள் காணிக்குத் தகுதியில்லை. விசாரிக்க ஒரு உத்தியோகத்தர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனுசன் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நெல் அறுக்க முதல் காணி போய்விட்டால், பெருமையை வைத்து உலையா ஏற்ற முடியும்?

உத்தியோகத்தர் ஒரு பின்னேரம் நேரே வயலுக்கே வந்தார். யாரும் கூப்பிடாமல் ஊர் முழுதும் வரம்பில் வந்து நின்றது. முறைப்பாட்டை வாசித்தார். என்னைப் பார்த்தார்.

"சேர்மனை யானை எண்டு நினைச்சுக் கலைச்சதெண்டு சொல்லுறியள். மனுசனுக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாதோ உங்களுக்கு?"

காணி போகிற பயம் எனக்கு. மாமியார் மெச்சிய வாய்க்கு மட்டும் அது தெரியவில்லை.

"தெரியும் ஐயா. யானை நெல்லை மட்டுந்தான் தின்னும். மண்ணெண்ணெய் குடிக்காது."

பக்கத்துக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். வயலில் நின்று பெயரைச் சொல்லிவிட்டேனே என்ற கவலை அவளுக்கு. உத்தியோகத்தர் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பிறகு வயலைச் சுற்றி நடந்தார். மூலைக்கு ஒன்றாகக் கம்பத்தில் தொங்கிய விளக்குகளைப் பார்த்தார். ஒரு நெற்கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார்.

"நல்ல விளைச்சல்" என்றார். "காவல் விளக்கு காவலுக்குத்தான் நிக்குது. வேறை என்ன விசாரிக்கக் கிடக்கு? கெதியா அறுங்கோ."

அறுத்தோம். அந்தப் போகம்தான் எங்கள் நெல் முதன்முதலாக வீடு வந்தது. காணி எங்கள் பேரிலேயே நின்றது. சேர்மன் சங்கக் கூட்டத்தில், தானே நேரில் போய் விளக்குக் கொடுத்ததாகவும், ஊர்ச்சனம் பந்தம் பிடித்து வரவேற்றதாகவும் பேசினாராம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

விசாரணை நடந்த அன்றைய மம்மலை நான் இன்னும் சொல்லவில்லை. உத்தியோகத்தரின் கார் போய்க் கொஞ்ச நேரத்தில், நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாலோ என்னவோ, காட்டோரத்தில் உண்மையான பெரியவர் வந்து நின்றார். தனியாக. காதை விரித்துக்கொண்டு, மலை மாதிரி. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தகரம் கையில் இருந்தும் ஒருவரும் தட்டவில்லை. வெளிச்சத்தில் தன்னை இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்பதை அது பார்த்தது. ஒரு கதிரைத் தொடாமல், மெதுவாகத் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது.

பக்கத்துக்காரி தகரத்தைக் கீழே வைத்தாள்.

"இவருக்கு வெக்கம் தெரியுது, எடியே. இவரைப் பெரியவர் எண்டு சொல்லலாம்."