மாலைக்கு இடம் விட்டு எடுத்த படம்

இங்கே ஜெர்மனியில், பள்ளிக்கூடத்துக்குப் போட்டோக்காரர் வருவதற்கு முந்தின வாரமே வீட்டுக்கு ஒரு குறிப்பு வந்துவிடும். பிள்ளைகள் எப்போதும் போல வந்தால் போதும் என்று அதில் எழுதியிருக்கும். முதல் வருஷம் அதைப் படித்துவிட்டு, மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "பெரிசா ஒண்ணும் பண்ணலைங்க, சும்மா வந்து தலையைக் காட்டிட்டுப் போங்க" என்று யாராவது அழைத்தால் நாம் சும்மாவா போவோம்? பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டுதானே போவோம்! அந்தக் கணக்கில் என் மகள் இனியாவுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து, ரெட்டைப் பின்னல் போட்டு, மடித்து ரிப்பன் கட்டி, முகத்துக்குப் பவுடர் அடித்து, தீபாவளிப் பாவாடையைப் போட்டு அனுப்பி வைத்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் சட்டையில் ஜாம் கறையோடு நின்றார்களாம். போட்டோக்காரர் இன்றைக்கு இந்தப் பெண்ணுக்கு ஏதாவது மதப் பண்டிகையா என்று டீச்சரிடம் விசாரித்தாராம். பிறகு "பிட்டே, நட்யூர்லிஷ்" என்று சொல்லி, அவராகவே ஒரு பின்னலை அவிழ்த்துவிட்டிருக்கிறார். இயற்கையாக இருக்க வேண்டுமாம். படம் வந்தது. ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரிந்த தலை, முன்பல் விழுந்த ஓட்டை தெரிய வாயைப் பிளந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. மேல்மாடியில் இருக்கும் பிர்கிட் அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்து, "அடடா, எவ்வளவு அழகு!" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஊரோடு ஒத்துப் போகாமல் எத்தனை காலம் முறைத்துக்கொண்டிருப்பது? இரண்டு மூன்று வருஷத்தில் நானும் அந்தக் கட்சிக்குத் தாவிவிட்டேன். புதிதாகக் கட்சி மாறியவர்கள்தான் கோஷத்தை அதிகமாகப் போடுவார்கள் இல்லையா, நானும் அப்படித்தான். பழைய கேமரா ஒன்று வாங்கினேன். காலையில் டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போய் விட்டு, பஸ்ஸைத் துரத்திப் பிடித்து, வேலை முடிந்து வந்து துணி துவைத்துச் சமைக்கும் இந்த ஓட்டத்துக்குள்ளேயே அழகு இருக்கிறது, அதைக் கலைக்காமல் அப்படியே எடுக்க வேண்டும் என்பது இங்கே இருக்கும் அம்மாக்களின் சித்தாந்தம். கடித்து வைத்த ஆப்பிள், ஒற்றைச் சாக்ஸ், இட்லிச் சட்டி ஆவி என்று நான் எடுக்காதது பாக்கியில்லை. நான் கேமராவைத் தூக்கினாலே என் கணவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

பிர்கிட்டுக்கும் எனக்கும் நெருக்கம் வந்ததே அம்மாவின் குளியல் பொடியால்தான். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் காயவைத்து அரைத்து, நெய்வேலியிலிருந்து அம்மா வருஷா வருஷம் அனுப்புவாள். அங்கே எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளுக்கு அம்மாதான் சப்ளை. சோப்பு என்று ஒன்று கடையில் விற்பதே அம்மாவுக்குத் தனிப்பட்ட அவமானம். ஒரு பாக்கெட்டை பிர்கிட்டுக்குக் கொடுத்தேன். அதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள், ஒன்று விடாமல் சொன்னேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயறு, மஞ்சள், ரோஜா என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? மறுநாள் அதையே போட்டுப் பிஸ்கெட் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்! அவள் முகம் வாடிவிடக் கூடாதே என்று நானும் ஒன்றைத் தின்றேன். அதன் பிறகு விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதைச் செய்யும் உன் அம்மாவின் படம் இருக்கிறதா?" என்று கேட்டாள். போனில் தேடினேன். எந்தப் படத்திலும் அம்மா முழுசாக இல்லை. பந்தியில் சாம்பார் வாளியோடு குனிந்திருக்கிறாள், கேக் வெட்டும் இனியாவுக்குப் பின்னால் அரை முகமாகத் தெரிகிறாள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலை, அம்மாவைப் பொடி சலிக்கும்போது, அப்படியே, இயற்கையாக ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

நெய்வேலிக்கு வந்து இறங்கிய மறுநாளே எனக்கு அந்தப் படம் கிடைத்தது. அப்பா வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்தில் கொடுத்த குவார்ட்டர்ஸின் பின்பக்க ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக விழுகிறது. அம்மா பூப்போட்ட நைட்டியும் தோளில் துண்டுமாகத் தரையில் உட்கார்ந்து பொடி சலிக்கிறாள். புருவத்தில் மாவு, நெற்றியில் வேர்வை, கொண்டையில் குத்தியிருக்கும் சீப்பு. கொடியிலிருந்து எடுத்த துணி பக்கத்தில் குவிந்திருக்கிறது, அதையும் இடையிடையே எடுத்து, அனல்மின் நிலையத்துச் சாம்பல் போக இரண்டு உதறு உதறி மடிக்கிறாள். எத்தனை அழகு! கதவோரம் நின்று ஒரு படம் எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பியவள் சலிப்பதை விட்டுவிட்டு எழுந்தே விட்டாள். கோபம் வந்தால் மட்டும் அம்மாவுக்கு அவள் பிறந்த கோவில்பட்டி நாக்கு திரும்பி வந்துவிடும்.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? நைட்டியோட எடுக்க! அதை மொதல்ல அழி!"

"அம்மா, இதுதாம்மா அழகு. இயற்கையா இருக்கு. அங்க எல்லாரும் இப்படித்தான் எடுப்பாங்க."

"அங்க எடுத்துக்கோ. இருபத்தஞ்சு பீரோ சேலை வச்சிருக்கேன்னா சொல்றேன்? இருக்கிற ரெண்டு பட்டுல ஒண்ணைக் கட்டிட்டு வர்றேன், நல்லதா ஒண்ணு எடு. எனக்கு ஒரு படம் வேணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? மாலை போடத்தான்."

சாயங்காலம் கீரை வாங்கிட்டு வா என்பது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பிரஷர் மாத்திரை ஒன்று, அதையும் பாதி நாள் மறந்துவிடுவாள். "சும்மா இரும்மா" என்று நான் சிரித்தேன். அப்போதுதான் எதிர் குவார்ட்டர்ஸ் சரோஜா ஆன்ட்டி கதையைச் சொன்னாள். சரோஜா ஆன்ட்டி போன தை மாதம் தவறிப் போனது எனக்குத் தெரியும், படத்துக்குப் பட்ட பாடு தெரியாது. வீட்டில் இருந்த அத்தனை போனையும் தேடினார்களாம். எதிலும் ஆன்ட்டி தனியாக இல்லை. கடைசியில் யாரோ வீட்டுக் கல்யாணக் கூட்டத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, ஸ்டூடியோக்காரர் வேறு ஒரு கழுத்தில் ஒட்டிக் கொடுத்தாராம். ஆன்ட்டி வாழ்நாளில் கட்டாத பச்சைப் பட்டு, போடாத அட்டிகை.

"காரியத்துக்கு வந்தவங்க யாருங்க இதுன்னு கேக்குறாங்கடி. முப்பது வருஷமா எதிர்ல குடியிருந்தவ, எனக்கே அடையாளம் தெரியல. எனக்கு அந்தக் கதி வேணாம். என் கழுத்து எனக்கு வேணும்."

அந்த நேரம் பார்த்துக் கம்மாபுரத்துப் பக்கமிருந்து மொபெட்டில் பூ கொண்டுவரும் அஞ்சலை அக்கா வாசலில் வந்து நின்றார். என்னைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து தெரிந்தவர், இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அம்மா உடனே அவரிடம் பஞ்சாயத்து வைத்துவிட்டாள். அஞ்சலை அக்கா என் கேமராவில் இருந்த நைட்டிப் படத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"என்னா பாப்பா, அவ்ளோ தூரம் போயி இதையா கத்துகினு வந்த? அம்மாவ வேலைக்காரி மாதிரி காட்டிகினு இருக்கியே!" என்றவர், பூவை முழம் போட்டுக்கொண்டே, "கேக்கும்போதே எடுத்துக் குடுத்துடு. எங்க நெலத்துல நின்னுகினு ஒரு போட்டோ எடுக்கணும்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிகினே இருந்தாரு. அந்த நெலமே மைன்ஸுக்குப் பூடுச்சு. இப்ப எங்க போயி நிக்கிறது?" என்றார். சொல்லிவிட்டு அம்மாவுக்கு ஒரு கண்ணி பூ அதிகமாகவே விட்டார். இரண்டு பேர் சேர்ந்துகொண்ட பிறகு நான் என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலையே அம்மா தயார். தன் பொடியையே தேய்த்துக் குளித்து, அரக்குப் பட்டு கட்டி, முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாகப் பூத்திருக்க, தலை நிறைய மல்லிகையோடு வந்து நின்றாள். கூடத்தில் பின்னணி சரியில்லையாம். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து, இந்த வருஷக் கடைசியில் ரிட்டயர் ஆகப் போகும் அப்பாவைக் கூப்பிட்டு, ஒரு வெள்ளை பெட்ஷீட்டைக் கொடுத்துப் பின்னால் பிடிக்கச் சொன்னாள்.

"நானும் படத்துல இருக்கேனா?" என்று அப்பா ஷீட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"உங்களுக்கு ஆபீஸ் போட்டோ இருக்கு. கையைத் தூக்கிப் பிடிங்க, சுருக்கம் விழுது."

"கொஞ்சம் சிரிம்மா" என்றேன்.

"மாலை போட்ட படத்துல பல்லைக் காட்டிட்டு இருந்தா, வர்றவங்க எப்படி அழுவாங்க? நீ கழுத்துக்குக் கீழ நிறைய எடம் விட்டு எடு. மாலை மேல வந்து என் சேலையை மறைச்சிடக் கூடாது."

பெட்ஷீட் குலுங்கியது. அப்பா சிரிக்கிறார். இனியா தரையில் விழுந்து சிரித்தாள், என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன், அதனால் முதல் இரண்டு படமும் ஆடிப் போய்விட்டன. அம்மா மட்டும் கண்ணை அசைக்காமல், லென்ஸை நேராகப் பார்த்து, விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது படம் அம்மாவுக்குப் பிடித்தது. "இதுல நான் நானா இருக்கேன்" என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, நான் நைட்டிப் படத்தைப் பற்றிச் சொன்னதும் அதையேதானே!

பிரிண்ட் போட்டு வந்ததும் அம்மா கவரைப் பிரித்து ஒன்றைப் பீரோவில் வைத்தாள். இன்னொன்றை என் பெட்டியில், பொடிப் பாக்கெட்டுகளுக்கு மேலே வைத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா? இங்கயே இருக்கட்டும்."

அம்மா துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "சரோஜா பொண்ணு அமெரிக்காவுல இருந்தா இல்ல, அதால வர முடியல. டிக்கெட் கிடைக்கல. போன்லயே பாத்துட்டு அழுதுச்சு. அம்மா படம்னு வச்சுக் கும்பிடக்கூட அதுகிட்ட ஒண்ணு இல்லையாம். உனக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், உனக்கு லீவு கிடைக்கணும். திடீர்னு ஒண்ணுன்னா விழுந்தடிச்சு ஓடி வரணும்னு இல்ல. வர முடியலேன்னா அங்கயே ஒரு பூ வச்சிடு. வரலையேன்னு மனசுல போட்டு ஒழப்பிக்காத. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

இதற்காகத்தான் படம். கழுத்துக்காகவும் இல்லை, பச்சைப் பட்டுக்காகவும் இல்லை. நான் வர முடியாமல் போகும் அந்த ஒரு நாளை நினைத்து, அன்றைக்கு நான் தவித்துவிடக் கூடாதே என்று, முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்கிறாள். காலை டிபனுக்கு முந்தின இரவே மாவாட்டி வைப்பவள் வேறு எப்படி இருப்பாள்? எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஜெர்மனியில் எதற்கும் அப்படி அழுததில்லை. திறந்த பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மாட்டியிருந்த அம்மாவின் பழைய நைட்டியின் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். நான் வருவேன், எப்படியாவது வந்துவிடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய்யாகிவிடுமோ என்ற பயத்தில் சொல்லவில்லை.

அம்மா ஆறுதல் சொல்லவில்லை. மேஜை மேலிருந்த அப்பாவின் போனை எடுத்தாள். கிளிக்.

"அம்மா! என்ன பண்ற? அழி அதை! மூஞ்சியைப் பாரு, கர்மம்!"

"எதுக்கு அழிக்கணும்?" என்றாள் அம்மா, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் படத்தை ரசித்துக்கொண்டே. "நல்லாத்தானே இருக்க. இயற்கையா."

நான் திரும்பி வந்த வாரத்தில் அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு என்னை மாட்டியிருக்கிறார்கள். சிவந்த மூக்கு, கலைந்த தலை, அம்மாவின் நைட்டி. பொடி வாங்க வரும் ஆன்ட்டிகள் எல்லாரும் பார்க்கிறார்களாம். கழற்றச் சொல்லிப் போனில் கத்தினேன். "போட்டோவுக்குன்னு நிக்காம இருக்கிற உன் படம் இது ஒண்ணுதான் எங்ககிட்ட இருக்கு. அப்பா ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு வடலூர் வீட்டுக்குப் போறப்பவும் முதல்ல இதைத்தான் எடுத்துட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டாள் அம்மா.

அம்மாவின் படத்தை இங்கே பிர்கிட் பார்த்தாள். "இத்தனை கம்பீரமாக இருக்கிறார், ஏன் இன்னும் மாட்டவில்லை?" என்று ஆணியும் சுத்தியலும் எடுத்து வரக் கிளம்பினாள். வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். படம் பிடிக்கவில்லையா என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, என் ஜெர்மன் மொழி அதற்கு மேல் போதவும் இல்லை. நெய்வேலிச் சுவரில் எல்லாரும் பார்க்க நான் அழுதுகொண்டிருக்கிறேன். அம்மா இங்கே எங்கள் அலமாரியில், கம்பளிச் சட்டைகளுக்கு அடியில், பட்டுப்புடவையும் மல்லிகையுமாக உட்கார்ந்திருக்கிறாள். காலையில் இனியாவுக்குச் சட்டை எடுக்கும்போது ஒரு தடவை பார்ப்பேன். பிறகு, இன்றைக்கு வேண்டாம் என்று மூடிவிடுவேன்.