தூக்கி வைத்து முறுக்கிய போல்ட்டு

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. இருபத்தெட்டு வருஷமாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் அலுங்காமல் ஏற்றி இறக்கிய மனுஷன், கட்டின பெண்டாட்டியை ஒரு தெரு தாண்டிக் கூட்டிப்போக எட்டு மாதம் திண்டாடினார். நினைத்தால் இப்போதும் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கார் எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. அவருக்கு அதுதான் முதல் தாரம் என்று அக்கா கிண்டல் செய்வாள். எனக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு அதன் முன்பக்கம் தூக்கிப்போடுவதைத் தாங்க முடியவில்லை. நாலு மணி நேரத் தொலைவில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போக வேண்டும். பஸ்ஸில் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"குலுக்கலைத் தாங்குற சஸ்பென்ஷனை மாத்திட்டு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் இவர். நம்பினேன்.

எங்கெங்கோ அலைந்து, கார் கம்பெனி அந்தக் காலத்தில் செய்த பாகங்களையே வாங்கிவந்து மாட்டினார். தெருமுனை வேகத்தடையிலேயே எனக்கு உயிர் போய் வந்தது. இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீடு திரும்பினேன்.

"பழைய சரக்கு, ரப்பர் இறுகிப் போயிருக்கும். வெளிக் கம்பெனி செட்டு போட்டா மெத்தை மாதிரி இருக்குமாம்" என்றார். அதற்காவது உடனே போனாரா? ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒரிஜினல், அந்தப் பக்கம் வெளிச் செட்டு என்று எழுத ஆரம்பித்தார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. "ஒரிஜினல் அந்த வண்டிக்குன்னே செஞ்சது." அடுத்த வாய்க்குள், "ஆனா புதுசு புதுசுதானே?" எனக்குக் காது புளித்துவிட்டது.

ஆறு மாதம் இப்படிப் போன பிறகு அக்கா ஃபோன் செய்தாள். மகன் வந்து வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறானாம், அடுத்த வியாழக்கிழமை விமானம், வீட்டை ஒழித்துப் பூட்டுகிறார்களாம். "முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போடி" என்றாள்.

"வாடகைக் கார்ல போயிட்டு வந்துடறேங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "நம்ம வண்டி நிக்கும்போதா? சனிக்கிழமைக்குள்ள வெளிச் செட்டை மாட்டிடறேன். ஞாயித்துக்கிழமை போறோம்." அந்த முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை இரண்டு தெரு தாண்டவில்லை. ஒரு பள்ளம், ஒரே குலுக்கல், இடுப்பில் கத்தி இறங்கியது போல வலி. ஐந்து நாள் படுக்கை. அக்கா வியாழக்கிழமை விமானம் ஏறிவிட்டாள். படுத்தபடியே ஃபோனில் வழியனுப்பினேன்.

அதற்கும் பத்து நாள் கழித்து, இவர் மறுபடி வண்டியை ஜாக்கியில் தூக்கி, கழற்றி வைத்த ஒரிஜினலையே மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெரு கார் மெக்கானிக் வாசலில் நின்று பார்த்தார்.

"ரெண்டு செட்டையும் இப்படித் தூக்கி வச்சேதான் முறுக்குனீங்களா சார்?"

"பின்ன? சுமை இருக்கும்போது யாராவது போல்ட்டுல கை வைப்பாங்களா?"

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது லிஃப்ட்டுக்கு சார். இங்க சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது முறுக்கினா, வண்டி தரையில நின்னதும் உள்ள இருக்கற ரப்பர் முறுக்கிக்கும். அப்புறம் அசையவே அசையாது. கடைசி முறுக்கு வண்டி தரையில நிக்கும்போது போடணும். வழக்கமா உக்கார்றவங்க உள்ள உக்காந்திருந்தா இன்னும் நல்லது. ரெண்டு செட்டுலயும் ஒரு குறையும் இல்ல."

இவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். ஆனால் மெக்கானிக் ஜாக்கியை இறக்கி வண்டியைத் தரையில் நிறுத்தியதும் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி லேசாகத் தணிந்தது. மெக்கானிக் அடியில் படுத்து முறுக்கினார். அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

இவர் வண்டியை எடுத்தார். வேகத்தடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இவருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா! எங்க போகலாம், சொல்லு."

"அருமையா ஓடுது" என்றேன். "அக்கா வீடுதான் பூட்டியிருக்கு. திருப்புங்க."