கைப்பிடியக்காவின் எருக்குழி

கவலைப்படுவதற்குச் சம்பளம் என்று ஒன்று உண்டென்றால், தொழிற்சாலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரி இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். அணைத்துத்தான் இருக்கும். மறுபடி கிளம்பினால் கதவைப் பூட்டினோமா என்று தோன்றும். உப்பு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. கரண்டி, கிண்ணம் எதுவும் கிடையாது. கைப்பிடியில் அள்ளி அண்டாவில் போடுவாள். கைப்பிடியக்கா என்று பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். இயந்திரங்களோடு மல்லுக்கட்டி வேர்த்து வருகிறவர்களுக்கு அது பிடித்துப் போயிற்று.

அப்பேர்ப்பட்டவளிடம் போய் விவசாயத் துறை அதிகாரி ஒருவர் மிச்சச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். ஒரு தட்டுக் கறிக்குப் பின்னால் தீவனம் விளைந்த நிலம், லாரி குடித்த டீசல், ஃபிரிட்ஜ் தின்ற மின்சாரம் எல்லாம் இருக்கிறதாம். அதைத் தின்னாமல் குப்பைமேட்டில் கொட்டினால், காற்றுப் படாமல் அழுகி, பூமியைச் சூடேற்றுகிற வாயுவை விடுமாம். எருவாக்கி நிலத்தில் சேர்த்தாலோ அதிலுள்ள கார்பனில் ஒரு பங்கு மண்ணிலேயே தங்கிவிடுமாம். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். இவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து மிச்சம் வைத்த ஒவ்வொரு தட்டும், அணைக்காமல் விட்டுவந்த அடுப்பு மாதிரி அவளை அரித்தது.

கேன்டீனுக்குப் பின்னால் இடம் கேட்டு வாங்கி எருக்குழி வெட்டினாள். மழை நனைத்தால் நாறும் என்று மேலே தகரக் கூரை போட்டாள். எரு போய்ச் சேர்ந்த இடம் நாத்தனாரின் நிலம். வயது நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். இருந்த வேலையை விட்டுவிட்டு, வெளுத்து இறுகிய ஒரு துண்டு நிலத்தை வாங்கி, எல்லோரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டவள். எரு விழ விழ அந்த மண் கறுத்தது, பொலபொலத்தது, ஈரத்தைப் பிடித்து வைத்தது. அதிகாரி சோதித்துப் பார்த்து, கார்பன் கூடியிருக்கிறது என்றார். கைப்பிடியக்கா வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

அது நீடிக்கவில்லை. பாப்பா வீட்டுக்குப் போய்வந்த கணவன் ஒரு பிடி பீன்ஸ் நாற்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். இலை ஓரமெல்லாம் தீய்ந்த ரொட்டி மாதிரி இருந்தது.

"புது எரு போட்ட பாத்தி முழுக்க இப்படித்தான் இருக்கு. விதை கெட்டதுன்னு பாப்பா விதைக்கடைக்காரரை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டா. ஞாயித்துக்கிழமை மிச்ச நிலம் பூரா உன் எருவைத்தான் போடப்போறா."

மறுநாள் மதியம் அவள் குழிக்குப் போனாள். மக்கிய எருவில் ஒரு பிடி எடுத்து டம்ளர் தண்ணீரில் கலக்கினாள். துணியில் வடிகட்டி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாக்கில் வைத்தாள்.

ஒரு அண்டா சூப்புக்குப் போதுமான உப்பு.

உடனே விளங்கிவிட்டது. போன கோடையில் குழாயில் தண்ணீர் குறைந்தபோது, குழியை நனைக்க நல்ல தண்ணீரை வீணாக்குவானேன் என்று, உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள். எப்படியும் சாக்கடைக்குப் போகிற தண்ணீர்தானே. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று பெருமைப்பட்டதும் நினைவுக்கு வந்தது. அந்தத் தண்ணீரில் அவள் கைப்பிடி உப்பு இருந்தது. மழை பட்டிருந்தாலாவது உப்பு கழுவிப் போயிருக்கும். அதற்கும் வழியில்லாமல் கூரை போட்ட மகராசியும் அவளேதான்.

சொன்னால் பாப்பா இனி எருவைத் தொடமாட்டாள். அந்த இடத்தில் வண்டி நிறுத்த மேலாளர் எப்போதிலிருந்தோ கண் வைத்திருக்கிறார். மிச்சமெல்லாம் பழையபடி குப்பைமேட்டுக்குப் போகும். சொல்லாவிட்டால் மிச்ச நிலமும் போகும்.

"மழை வந்தா கரைஞ்சிரும், விடு," என்றான் விஷயத்தைக் கேட்ட கணவன். வீடு பற்றி எரிந்தாலும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டுதான் அவன் வெளியே வருவான்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் நிலத்தில், எரு ஏற்றி வந்த டிராக்டருக்கு முன்னால் அவள் போய் நின்றாள்.

"பாப்பா, எருவை இறக்க வேண்டாம்."

"ஏன் அண்ணி?"

"விதைக்கடைக்காரர் மேல தப்பு இல்ல. கிழங்கு வெந்த தண்ணியக் குழியில ஊத்திட்டேன். உப்புத் தண்ணி. போன கோடையிலேர்ந்து."

பாப்பா குனிந்து பாத்தியில் ஒரு சிட்டிகை மண் எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்த மனுஷனை அவர் பொண்டாட்டி முன்னாடியே திட்டினேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இனி அந்தக் கடைக்குப் போறது?" பிறகு தலையை ஆட்டினாள். "உங்க கைப்பக்குவம் எங்க போனாலும் தெரியுது அண்ணி. அண்ணனுக்கு ஏன் பிரஷர் ஏறுதுன்னும் இப்பத்தான் புரியுது."

குத்தலாகத்தான் சொன்னாள். தன் வீட்டு அடுப்பிலும் இதே கைதானே என்று இத்தனை வருஷம் கைப்பிடியக்காவுக்குத் தோன்றவே இல்லை.

எருவை வரப்போரம் குவித்து மழைக்குத் திறந்து விடுவது என்று முடிவாயிற்று. கருகிய பாத்திக்குத் தண்ணீர் கட்ட பாப்பா மோட்டாரைப் போட்டாள்.

"உப்பத் தின்னா தண்ணி குடிச்சுத்தானே ஆகணும். நிறையக் கட்டினா உப்பு கீழே இறங்கிரும். சேர்ந்த கறுப்பு மண்ணு அப்படியே நிக்கும்."

"எங்கே இறங்கும்?"

"கீழே."

"கீழேன்னா எங்கே பாப்பா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிணற்றைப் பார்த்தார்கள். பாத்திக்குப் பத்தடி தள்ளி, நிலத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து இருக்கிற ஒரே கிணறு.

பாப்பா போய் மோட்டாரை நிறுத்தினாள். ஒரு வாளி இறைத்து டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"உப்பை அளக்கிற நாக்கு உங்களுது. குடிச்சுச் சொல்லுங்க."

குடித்தாள். "இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு."

"இனி மாசாமாசம் வந்து குடிங்க."

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கட்டினார்கள். எருக்குழியில் இப்போது கூரை இல்லை. கிழங்குத் தண்ணீரும் விழுவதில்லை. வீட்டில் கணவன் சப்பென்று இருக்கிறது என்று முனகிக்கொண்டே சாப்பிடுகிறான். மாதம் தவறாமல் கைப்பிடியக்கா அந்தக் கிணற்றடியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு டம்ளர் குடிக்கிறாள். அவள் விழுங்கி வாயைத் திறக்கும்வரை பாப்பா மூச்சு விடுவதில்லை.