பின் சக்கரமாய் நின்ற நாள்

காலை ஆறு மணிக்கு ஜீப் வந்து நின்றபோது டிரைவர் கோவிந்தசாமியின் தோளில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள் தொங்கியது. கிணற்றில் விழுந்த ஆளைத் தூக்கப் புறப்பட்டவர் போல இருந்தார்.

"எதுக்குங்க இந்தக் கயிறு?" என்று கேட்டேன்.

"இதாங்க டீச்சர் பஸ்ஸு. முப்பத்திரண்டு அடி. பஸ்ஸயே மலைக்கு இட்டுகினு போயி மாட்டிகினா இன்னா பண்றது? அதான் அளவ மட்டும் எடுத்துகினு வந்துட்டேன்."

இது 1979, தை மாதம், ஒரு சனிக்கிழமை. ஆலங்காயத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பெண்கள். அவர்களுக்காக நான் போட்ட மூன்று நாள் சுற்றுலாத் திட்டம் இது: ஜவ்வாது மலை ஏறி, காவலூர், ஜமுனாமரத்தூர் வழியாக மறுபக்கம் போளூரில் இறங்கி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் தாண்டி மரக்காணத்தில் உப்பளம் பார்த்து, கடலோரமாகவே மகாபலிபுரம். ஒரே மூச்சில் காடும் கடலும். ஒரு மாதமாக என் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடங்கள் விரிந்து கிடந்தன. என் கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டார்.

தலைமையாசிரியை மட்டும் பழகவில்லை. "மலைப் பாதையை நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க. பெரிய பஸ் பத்திரமா போகும், காட்டுல எந்த இடத்துலயும் பிள்ளைங்க கீழ இறங்க வேண்டியிருக்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முடியாதுன்னா மலை வேண்டாம், வாணியம்பாடி வழியா நேரா கடலுக்குப் போய்ட்டு வாங்க" என்றார். என் திட்டத் தாளின் மேலும் 'இறங்கக் கூடாது' என்று எழுதித் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

மலை வேண்டாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெண்களில் பாதிப் பேருக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். இரண்டு பேருக்கு மாப்பிள்ளையே பார்த்தாகிவிட்டது. மலையடிவாரத்தில் பிறந்தும் அவர்களில் பெரும்பாலோர் மேலே போனதில்லை. அதைவிட வெட்கக்கேடு, பதினைந்து வருடமாகக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிப்போடும் நானும் போனதில்லை. எல்லாம் புத்தகத்தில் படித்ததுதான்.

ஆறே முக்காலுக்கு ஏற்றம் தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் கோவிந்தசாமி ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"நீங்கதான் டீச்சர் பின் சக்கரம். நான் முன் சக்கரம். நான் வளைஞ்சி போறப்ப நீங்க கயித்த தளர விடாம பின்னாலயே வரணும். நில்லுன்னா நிக்கணும். நவுரக் கூடாது."

முப்பது வருடம் வண்டி ஓட்டியவர் கண்டுபிடித்த முறை அது. அவர் வெளி ஓரமாக வளைந்து நடப்பார். நான் உள் ஓரமாகப் பின்தொடர்வேன். கயிறு பாறையில் உரசினால் பஸ்ஸும் உரசும். உரசாவிட்டால் சுண்ணாம்புக் கட்டியால் சாலையில் ஒரு கோடு. சந்தேகம் வந்த இடத்தில் இருவரும் இடம் மாறுவோம். அப்போது பள்ளத்தின் விளிம்பில் நிற்பது என் முறை. அவர் குனிந்து தரையைப் பார்த்து யோசித்துக்கொண்டே இருப்பார். எனக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மூன்றாவது வளைவில் அப்படி நின்றபோதுதான் பனி விலகியது. என் கால் விரல்களுக்கு முன்னால் சாலை முடிந்துவிட்டது. அதற்கப்பால் மரங்களின் உச்சிகள். அவற்றுக்கும் கீழே இன்னொரு வரிசை உச்சிகள், அதற்கும் கீழே மூங்கில் புதர்கள், எங்கோ அடியில் தண்ணீர் ஓடும் சத்தம். மலை என்றால் ஒரு மேடு என்றே மனத்தில் வைத்திருந்தேன். இது மடிப்பு மடிப்பாக, ஒன்றின் பின்னால் ஒன்றாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மடிப்பில் வெயில், அடுத்ததில் நிழல். கயிறு கையில் இருப்பதே மறந்துபோயிற்று. "ஆத்தாடி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"இன்னா டீச்சர், பின் சக்கரம் பேசுது?" என்றார் கோவிந்தசாமி.

எட்டரை மணிக்குக் காவலூர். முப்பது காசுக்கு நல்ல சூடான டீ கிடைத்தது. மரங்களுக்கு மேலே நட்சத்திர ஆராய்ச்சிக்கூடத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தது. அங்கிருந்து ஜமுனாமரத்தூர்ப் பாதையில் இரண்டு பக்கமும் காப்புக்காடு. சந்தனக்காடு என்று கேள்விப்பட்டிருந்ததால் மூக்கை விடைத்துக்கொண்டே வந்தேன். கோவிந்தசாமி சிரித்தார். "வெட்டி காஞ்சாதான் டீச்சர் வாசன. நிக்கிற மரம் எதுவும் சொல்லாது."

ஆறு வளைவுகள் தேறிவிட்டன. பத்தரை மணிக்கு ஏழாவது வளைவில் கயிறு எங்கும் தொடாமல் வந்தது. கோவிந்தசாமி கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலைக்கு மேலே ஒரு புளியமரத்தின் பெரிய கிளை, சாலையை முழுக்கக் கடந்து, காய் கனத்தில் தாழ்ந்து தொங்கியது.

"ஒசரத்த மறந்துட்டேன் டீச்சர்" என்றார். "நீளம் எடுத்தேன், அகலம் எடுத்தேன். கீழ ரோட்டுல மேல பாத்து ஓட்டி பழக்கமே இல்லீங்க."

பஸ்ஸின் கூரை மேல் முப்பத்தெட்டுப் பேரின் படுக்கைகளும் சமையல் அண்டாக்களும் ஏறும். மூங்கில் கழி ஒன்றை வெட்டி அளந்தோம். வெறும் கூரை நாலு விரல் இடைவெளியில் நுழையும். மூட்டை இருந்தால் நுழையாது. புளி ஏற்றும் லாரிகள் எல்லாம் போளூர்ப் பக்கமாக இறங்கிவிடுமாம். இந்த வளைவுக்கு வருவது ஜீப்பும் மாட்டு வண்டியும்தான்.

மரத்துக்கு உரியவர் பக்கத்துக் கொல்லையில் கொள்ளு பிடுங்கிக்கொண்டிருந்தார். காசியம்மா என்று பெயர், என் வயதுதான் இருக்கும். கோவிந்தசாமி அவரிடம் அந்த ஒரு கிளையை மட்டும் வெட்டிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"காய்ப்புல கீற கிளைய யாருனா வெட்டுவாங்களா?" என்றார் காசியம்மா. கோபம் இல்லை, வியப்புதான். "பங்குனில உலுக்கிட்டம்னா அது தானா ஒரு முழம் மேல போய்டும். அப்ப வாங்க."

"பங்குனியில பரீட்சைங்க" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மாசி தாண்டினா இந்தப் பொண்ணுங்க வரவே மாட்டாங்க."

அவர் என்னையும் கிளையையும் மாறி மாறிப் பார்த்தார். "மூட்டைய எறக்கி தலையில வெச்சிகினு நடங்களேன். அந்தாண்ட போயி ஏத்திகினா ஆச்சி. நாங்க தெனம் அப்டிதான போறோம்?"

கயிறு, கழி, சுண்ணாம்பு எல்லாம் வைத்திருந்த எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. இறங்கக் கூடாது என்பதுதானே நிபந்தனை?

இருந்தாலும் நடந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஜீப்பில் கிடந்த சாக்கில் காசியம்மா கொள்ளுச் செடிகளை அடைத்துக் கொடுத்தார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, கிளைக்கு அடியில் நுழைந்து, பஸ் மறுபடி நின்று ஏற்றிக்கொள்ளத் தோதான திட்டு வரை போனேன். இரண்டு பர்லாங்கு தூரம். இடது பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது. முதல் ஐம்பது அடியை வலது பக்கப் பாறையை ஒட்டியே பயந்து பயந்து கடந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

தலையில் சுமை இருந்ததால் குனியவும் முடியவில்லை, அண்ணாந்து பார்க்கவும் முடியவில்லை. நேராக மட்டுமே பார்க்க முடிந்தது. நேரே இருந்தது காடு. ஜீப்பின் இரைச்சல் இல்லாமல் கேட்கும்போது அந்தக் காடு வேறாக இருந்தது. சருகில் ஏதோ ஓடியது. பெயர் தெரியாத ஒரு பறவை கூப்பிட, வெகு தூரத்தில் இன்னொன்று பதில் சொன்னது. காற்று பள்ளத்தின் அடியில் புறப்பட்டு, ஒவ்வொரு மரமாகத் தொட்டு ஏறி, என் முகத்துக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன். நான் எவ்வளவு சின்னவள் என்று அப்போது தெரிந்தது. தெரிந்ததில் வருத்தமே இல்லை, சந்தோஷம்தான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போனால் இந்தப் பெண்களுக்கு இது கிடைக்காது என்று நினைத்தேன்.

ஒரு மணிக்கு ஜமுனாமரத்தூரில் சாமைச் சோறும் குழம்பும். போளூர் இறக்கம் அகலமான பாதை, கயிற்றுக்கு வேலையே இல்லை. வேலூர் சுற்றி வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.

ஞாயிறு முழுவதும் தலைமையாசிரியை கேட்ட கடிதத்தோடு மல்லுக்கட்டினேன். 'இறங்க வேண்டியிராது' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. மலை மேல் நடந்ததைக் கீழே யார் வந்து சொல்லப் போகிறார்கள்? மூன்று முறை அப்படியே எழுதினேன், மூன்று முறையும் கிழித்தேன். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: 'ஆறு வளைவுகளில் பஸ் தடையின்றிப் போகும். ஏழாவது வளைவில் மாணவிகள் இறங்கி, மூட்டைகளைச் சுமந்து, இரண்டு பர்லாங்கு நடந்தே ஆகவேண்டும். சுவர் இல்லை. வேறு வழியும் இல்லை.' எழுதி முடித்ததும் மலை போயிற்று என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"நீங்க நடந்தீங்களா?"

"நடந்தேங்க. தலையில மூட்டையோட."

"பயமா இருந்துதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "இருந்துதுங்க" என்றேன்.

"இல்லேன்னு சொல்லியிருந்தா இந்தப் பிள்ளைங்கள உங்க கூட அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார். பேனாவைத் திறந்து, திட்டத் தாளில் எழுதியிருந்த 'இறங்கக் கூடாது' என்ற தம் நிபந்தனையை ஒரே கோடாக அடித்தார். அதன் மேல், 'சுவர் இல்லாத பக்கம் ஆசிரியை நடக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தாளை வாங்கிக்கொண்டு பத்தாம் வகுப்பை நோக்கி நடந்தேன். நடந்தேன் என்பது பொய், நாற்பத்திரண்டு வயதில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.