சந்தனப் பொட்டு வைத்த கேமரா

வரதராஜன் விசைத்தறி மெக்கானிக். வீடு திருத்தணி மலையடிவாரத்தில். காலையில் டவுன் பஸ் ஏறினால் பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று எங்கே தறி நின்றிருக்கிறதோ அங்கே இறங்குவார். நின்ற தறியின் முன்னால் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கடைசியா யாருப்பா கை வெச்சது?" திட்டுவதற்காக அல்ல. கடைசியாகத் தொட்ட இடத்தில்தான் கோளாறு இருக்கும் என்பது அவருடைய முப்பது வருட அனுபவம். தன் கை பட்டிருந்தால் முந்திக்கொண்டு "நான்தான்" என்பார்.

மகள் பானுப்ரியாவுக்குச் சென்னையில் வேலை. சின்னச் சின்ன லினக்ஸ் பலகைகளுக்கு நிரல் எழுதுகிறவள். தறியில் நூல் அறுந்தால் பார்த்துச் சொல்லும் கேமரா ஒன்றை உள்ளங்கை அளவுப் பலகையில் இணைத்து, பொதட்டூர்பேட்டையில் தங்கவேலின் கொட்டகையில் மாட்டினாள். ஒரு வாரம் நன்றாக ஓடியது. "எம் பொண்ணு வெச்ச கண்ணு" என்று வரதராஜன் எல்லோருக்கும் காட்டினார்.

ஆயுத பூஜையன்று தறிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தவர், கேமராப் பெட்டியையும் திறந்து சென்சாரின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். பூஜை முடிந்து பானு மின்சாரம் கொடுத்தாள். படம் வரவில்லை. சென்சார் பதில் தரவில்லை என்று திரையில் ஒரே ஒரு வரி.

"கடைசியா யாரும்மா கை வெச்சது?" என்றார் வழக்கம்போல.

"நீதான் நைனா! ஈரச் சந்தனத்த கொண்டாந்து இதுல அப்புவாங்களா? அறிவு வேணாம்?"

பொரி கடலைக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் வேட்டி நுனியால் பொட்டைத் துடைத்தார்.

"ஆங், நான்தாம்மா."

அதன் பிறகு எந்தக் கொட்டகைக்குப் போனாலும் கேலிதான். "வரதா, ஸ்பேனர் மட்டும் எடு, பொட்டு வெச்சிடாத!" அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அடுத்த மாதம் பானு புது சென்சார் வாங்கிப் பூட்டினாள். அதே வரி. இது சந்தனமே படாத சென்சார். கோளாறு சந்தனத்தால் இல்லை என்று அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. வேலை அதிகம் என்று பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டாள்.

தை மாதம் ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வரதராஜன் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள், அந்த ஒரு வாரப் படங்களில் அவர் இருப்பாரா என்று பார்க்கப் பெட்டியை எடுத்தாள். கேமரா துணியைப் பார்த்து மாட்டியது. கைகள் மட்டும் இருந்தன. அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடும் கைகள்.

கடைசிப் படத்துக்குப் பிறகு ஒரு கோப்பு இருந்தது. ஆயுத பூஜை காலை ஏழரை மணிக்கு அவளே ஏற்றிய, சென்சாரை இயக்கும் நிரலான புது டிரைவர். ஏற்றியதையே மறந்திருந்தாள். சென்சாரை எழுப்பும் கம்பியைப் பற்றிய குறிப்பை அவள் முதலிலிருந்தே தலைகீழாக எழுதி வைத்திருந்தாள். பழைய டிரைவர் அந்தக் குறிப்பைப் படிக்கவே இல்லை. புதியது படித்தது. எழுப்ப வேண்டிய நேரமெல்லாம் சென்சாரைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது.

ஒரு சொல்லை மாற்றினாள். பழைய சென்சாரையே மாட்டினாள், ஓரத்தில் மஞ்சள் கறையோடு. படம் வந்தது.

அடுத்த பஸ்ஸில் பொதட்டூர்பேட்டை போனாள்.

"வா பாப்பா" என்றார் தங்கவேல்.

"அந்த கேமரா நைனாவால கெடலீங்க மாமா."

தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை. "இன்னாது?" என்று கையைக் காதில் குவித்தார். மறுபடியும் சொன்னாள். அவர் போய் மெயினை அணைத்தார். தறிகள் ஒருசேர அடங்கின. எல்லோரும் திரும்பினார்கள். அன்றைக்குப் பொரிக்காக நின்ற அதே முகங்கள்.

"கடைசியா கை வெச்சது நானுங்க" என்றாள் பானு. அந்த அமைதியில் குரல் பெரிதாகக் கேட்டது. "நைனா மேல தப்பில்லன்னு அடுத்த மாசமே தெரியும்."

"அத அவங்கிட்ட சொன்னியா?"

"இல்லீங்க மாமா."

தங்கவேல் போய் மெயினைப் போட்டார்.